எலும்புக்கூட்டோடு ஒரு செல்ஃபி

ஸ்பெயினின் செவில் நகரத்து லா கரிதாத் தர்ம ஆஸ்பத்திரியின் பரோக் தேவாலயத்தில் ஐந்து நிமிடம் நிம்மதியாக நிற்க முடிந்ததா? எங்கே! வால்தேஸ் லெயால் 1672-ல் வரைந்த எலும்புக்கூடு, கக்கத்தில் சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு மெழுகுவத்தியை அணைக்கிறது, உன் ஆட்டமெல்லாம் கண் இமைக்கும் நேரம்தான் என்று. அதன் முன்னாலேயே ஒரு குடும்பம் மொத்தமும் உதட்டைக் குவித்து இருபத்தேழாவது செல்ஃபி எடுக்கிறது. எதிரே இன்னொரு ஓவியத்தில் பூச்சி அரிக்கும் பிஷப்பின் பிணம். சரி, அதற்கும் ஒரு போஸ்! பீடத்தில் ரோல்தான் செதுக்கிய சிற்பமாம், நான் பார்த்ததெல்லாம் செல்ஃபி குச்சிதான். முரில்யோ ஓவியங்களில் நான்கை நெப்போலியனின் தளபதி சூல்ட் அள்ளிக்கொண்டு போய்விட்டான், தொங்குவது நகல், அதையாவது பார்க்க விடக்கூடாதா? எல்லோரும் மிதிக்கட்டும், என்னை வாசலில் புதையுங்கள் என்று கேட்டவர் இந்த ஆஸ்பத்திரியை உருவாக்கிய மிகுவேல் மன்யாரா. நான் அப்படி எதுவும் கேட்கவில்லையே, என் காலை ஏன் மிதிக்கிறீர்கள்?