ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 1741 என்றால் என்ன?

டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல் போர் நடந்த ஆண்டு எது? 1741 என்று எழுதினால் ஒரு மதிப்பெண். எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்தப் போர் நடந்தப்ப உங்க பாட்டா பிறந்திருந்தாரா?" என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டும். ஒன்பது பத்து வயதில் காலம் என்பது போன கிறிஸ்துமஸ், போன கோயில் கொடை, தம்பி பிறந்த வருஷம், அவ்வளவுதான். அதற்கு முந்தியதெல்லாம் ஒரே "அந்தக் காலம்". இதைச் சரிசெய்யாமல் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. 13 மீட்டர் சணல் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு ஆண்டு. ஒரு முனையில் "இன்று" என்ற அட்டை. 2025-ஐ இன்று என்று வைத்தால், பிள்ளை பிறந்தது 10 சென்டிமீட்டரில் வரும். சுனாமி 21-இல். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1, 69-இல். குளச்சல் போர் 284-இல். சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள் 9ஆம் நூற்றாண்டு, அதாவது 11.25 மீட்டருக்கும் 12.24 மீட்டருக்கும் இடையில். 20 அடி வகுப்பறையில் அது அடங்காது. கயிறு கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போகும். சிதறால் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் பிள்ளைக்கு "ஆயிரத்துச் சொச்சம் வருஷம்" என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தவறு நடக்கும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். அளந்த பிறகு முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைத் தின்று அளவு மாறிப்போகும். துணிக் கிளிப் போதும். அட்டைகளை நாமே மாட்டிவிடக் கூடாது, பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளக்கட்டும். அளக்காமல் மாட்டச் சொன்னால் சம இடைவெளியில் மாட்டுவார்கள். படத்தில் காலக்கோட்டுப் பெட்டிகளைச் சமமாகப் பார்த்துப் பழகிய கண் அது. இன்னொன்று, 9ஆம் நூற்றாண்டு என்றதும் 900-இல் தேடுவார்கள். 801 முதல் 900 வரை என்பதைக் கயிற்றில் விரல் வைத்துக் காட்டினால்தான் பதியும்.

அடுத்தது சான்று. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. டச்சுக்காரர்கள் பக்கம் நின்று குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. கூட்டிப்போக வசதியில்லை என்றால் ஒரு படம் போதும். பெயர், கதை எதையும் முதலில் சொல்லாதீர்கள். என்ன தெரிகிறது, அதிலிருந்து என்ன நினைக்கிறாய், இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதல் கேள்விக்கே "ராஜா கல்லறை" என்று ஊகத்தைச் சொல்வார்கள். அப்போது, "ராஜான்னு கல்லுல எங்க தெரியுது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்தப் பழக்கத்தைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் தொடக்கப் பள்ளியில் இல்லை என்பது என் கருத்து.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை இந்த மண்ணில் மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. "உன் வீட்டில் கேட்டு வா" என்ற வீட்டுப்பாடம் இதற்கு மட்டும் கூடவே கூடாது. அது வகுப்பில் சாதியைச் சொல்ல வைப்பதில் போய் முடியும். யாருக்கு எந்த உரிமை மறுக்கப்பட்டது, எத்தனை ஆண்டு போராடினார்கள், 1859 அறிவிப்பு எதை அனுமதித்தது என்று நின்றுகொள்ளலாம். வீட்டில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் உண்டு, அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டு வரட்டும்.

இனி தேர்வு. பொருத்துக பகுதியில் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கமும் ஐந்து என்று வைக்காதீர்கள். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக வரும், ஒன்று தவறினால் இரண்டு போகும். வலப்பக்கம் ஏழு வையுங்கள். சரியா தவறா கேள்வியில் ஊகத்துக்கே பாதி வாய்ப்பு இருக்கிறது, அதனால் "தவறெனில் திருத்தி எழுதுக" என்று சேருங்கள். பத்து மதிப்பெண்ணுக்காவது சான்றுக் கேள்வி வேண்டும். கல்லறைப் படத்தைக் கொடுத்து, "கடல் கடந்து வந்தவரின் கல்லில் தமிழ் ஏன் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் என்றால் படத்தில் கண்டதைச் சொன்னதற்கு 1, காரணத்துக்கு 2, அந்தக் காரணத்தைப் படத்தோடு இணைத்ததற்கு 2. காரணம் நம் விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும் பொருந்தினால் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

கேரள எல்லையோரப் பள்ளிகளில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுத்துத் தமிழில் தடுமாறுகிறவர்களுக்குச் சான்றுக் கேள்வியை வாய்மொழியாகவே வையுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் 25 பிள்ளைகளை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பாடத்திட்டம் முடியாது என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு: கயிற்றுக்கு இரண்டு பாடவேளை, படத்துக்கு ஒன்று. ஒரு பருவத்தில் மூன்று பாடவேளை கட்டாயம் கிடைக்கும்.