விருப்பப் பாடம் என்றால் யாருடைய விருப்பம்?

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாக்குவாதம். பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு மொழியைக் கட்டாயமாக்கலாமா, பிள்ளைகள் விருப்பத்துக்கு விடலாமா என்று சித்தப்பா கேட்டதில்தான் ஆரம்பம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மொழிக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்ற சொல் வந்தாலே உடம்பு கூசும். அதனால் விருப்பத்துக்கு விடுவதுதான் நியாயம் என்று பல வருஷம் வாதாடியிருக்கிறேன். இங்கிலாந்தில் நடந்ததைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே 16 வயது வரை பிரெஞ்சோ ஜெர்மனோ ஸ்பானிஷோ ஏதாவது ஒரு மொழி படித்தாக வேண்டும் என்று இருந்தது. 2004-ல் அதை மாற்றி, 14 வயதுக்கு மேல் வேண்டுமானால் படி என்று விட்டுவிட்டார்கள். 2002-ல் நூற்றுக்கு 76 பேர் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ஒரு மொழி எழுதினார்கள், 2011-ல் வெறும் 40 பேர். சரி, பிடிக்காதவர்கள் விட்டார்கள், அதிலென்ன என்று கேட்கலாம். விட்டது யார் என்று பாருங்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளும், நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளும் மொழி வகுப்பைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டன. அடி விழுந்தது ஏழைப் பகுதி அரசுப் பள்ளிகளில். மொழிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுப்பது மற்ற பாடங்களைவிடக் கடினம், தரவரிசையில் பள்ளியின் பெயர் கெடும், அதனால் சுமாராகப் படிக்கிற பிள்ளையிடம் 'உனக்கு இது வேண்டாம்' என்று சொல்லிவிடுவது சுலபமாகிவிட்டது. ஆள் குறைந்தால் வகுப்பு மூடப்படும், ஆசிரியரும் போய்விடுவார், அடுத்த வருஷம் உண்மையிலேயே ஆசைப்படும் பிள்ளைக்கு உட்கார வகுப்பே இருக்காது.

2014-ல் 7 வயதிலிருந்தே ஒரு மொழி கட்டாயம் என்றார்கள். எந்த மொழி என்பதைப் பள்ளியே தீர்மானிக்கலாம், லத்தீன்கூட ஆகும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 14 வயதில் கைவிடும் ஏற்பாடு அப்படியே இருக்கிறதே.

ஜப்பானில் கதை வேறு. அங்கே ஆங்கிலத்திலிருந்து யாரும் தப்ப முடியாது, 2020 முதல் 5-ம் வகுப்பிலேயே அது முறையான பாடம். இத்தனை வருஷம் படித்தும் பேச வரவில்லை என்பதுதான் அவர்களுடைய புலம்பல். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பேச்சும் சேரட்டும் என்று தனியார் தேர்வுகளைக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதற்குக் கட்டணம் அதிகம், கிராமத்துப் பிள்ளைகள் தேர்வு மையத்துக்கே வெகுதூரம் போக வேண்டும். அவரவர் நிலைக்கு ஏற்றபடி முயன்றால் போதும் என்கிற பொருளில் கல்வி அமைச்சர் ஹகியுடா கோய்ச்சி பேசப்போய் ஊரே கொதித்தது. 2019 நவம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், 2021-ல் கைவிட்டே விட்டார்கள். கொதித்தவர்கள் பக்கம்தான் நான்.

சித்தப்பா, நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். எந்த மொழி என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். படிப்பதா விடுவதா என்ற முடிவை மட்டும் 14 வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். அப்புறம், ஐந்து பேர்தான் கேட்கிறார்கள் என்றாலும் அந்த வகுப்புக்கு ஆசிரியர் போட அரசு பணம் ஒதுக்க வேண்டும்.