அந்தப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது

காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கணித நாள் கண்காட்சியில் 4294967297 என்று சார்ட்டில் எழுதிவைத்து நின்ற பிள்ளையிடம் சிறப்பு விருந்தினர் கேட்கிறார்: "இதனால் என்னம்மா பயன்? கால்குலேட்டரில் தட்டினால் விடை வந்துவிடுமே!" கூட்டம் சிரிக்கிறது. ராமானுஜன் படத்துக்கு மாலை போட்ட கையோடு கேட்ட கேள்வி அது.

அவள் எழுதியிருந்ததை ஒருவராவது படித்தீர்களா? 3, 5, 17, 257, 65537. இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்கள். ஐந்தும் பகா எண்கள். 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 4294967297-உம் பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் காட்டினார். ஈவு 6700417.

அவள் அதோடு நிற்கவில்லை. 641 என்பது 640+1; அதுவே 625+16. 641ஆல் வகுக்கும்போது 640ஐ −1 என்றும், 625ஐ −16 என்றும் கொள்ளலாம். எனவே 640இன் நான்காம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1. அந்த அடுக்கைப் பிரித்தால் 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. 625 இருக்கும் இடத்தில் −16ஐப் போட்டால் இரண்டின் 32ஆம் அடுக்கு எதிர்க்குறியோடு வந்து நிற்கிறது. அதற்கும் மீதி 1 என்றால், 4294967297 மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும். பெரிய வகுத்தல் ஒன்றுகூட இல்லை. எந்தக் கால்குலேட்டர் ஐயா இதைச் சொல்லும்?

விளையாட்டாகத்தான் கேட்டார் என்கிறீர்கள். இருக்கலாம். அவள் முகம் வாடியதும் விளையாட்டா?

பள்ளியில் படித்தபோது 65537ஐ 256க்கு உட்பட்ட ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்து, நோட்டை என் கணக்கு ஆசிரியரிடம் நீட்டினேன். "பரீட்சையில் வருமா?" என்று கேட்டுவிட்டு மூடிக் கொடுத்தார். அந்த நோட்டை நான் மறுபடி திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது வலிக்கிறது.

"பயன் இருந்தால் சொல்லுங்களேன்" என்பவர்களுக்கு: இணையத்தில் தகவலைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையில் அதே 65537தான் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் இந்தப் பதிலைச் சொல்லவே எனக்குக் கசக்கிறது. பயன் தெரிந்த பிறகுதான் ஒரு பிள்ளை எண்ணை நேசிக்க வேண்டுமா? மகன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால் பயன் கேட்காத வீடுகள், மகள் எண்ணோடு உட்கார்ந்தால் மட்டும் ஏன் கேட்கின்றன?

"எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டின் 8589934592ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டுங்கள். 258 கோடி இலக்கங்களுக்கு மேல் வரும். இதே வரிசையில் வரும் அந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா என்று இன்றுவரை எந்தக் கணினியும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். இந்த வரிசையில் 4294967297க்கு அடுத்த எண் 18446744073709551617. அதுவும் பகு எண்தான். அதை வகுக்கும் காரணியை, 256இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களில் மட்டும் தேடினால் போதும். 1880இல் லான்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அதைக் கண்டுபிடித்தார். காரணி எது என்று நான் சொல்லப் போவதில்லை, அவளே தேடட்டும்.