மறுநாள் பட்டினி வேண்டாம்

"ஒருநாள் கூடுதலாகச் சாப்பிட்டால் மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்து சரிக்கட்டலாம்" என்று உடல் எடை பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. இதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கட திருகோணமலையில் கலியாண வீடு, கோயில் அன்னதானம், இரவில் கொத்து ரொட்டி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். காலையில் பட்டினி கிடந்தவர் பின்னேரம் ரோல்ஸ் கடை வாசலில் நிற்பதைத்தான் கண்டிருக்கிறேன்.

மறுநாள் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரு கொத்தில் அது வராது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாச்சத்து கிளைக்கோஜனாக (உடல் சேமித்து வைக்கும் வடிவம்) தங்கும்போது அதன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 3 கிராம் நீரையும் சேர்த்துக்கொள்ளும். வழமைபோலச் சாப்பிட்டால் சில நாளில் இறங்கிவிடும்.

மறுநாள் காலையில் இடியப்பம், சொதி, அவித்த முட்டை. மத்தியானம் சோறு பாதி, மீன் குழம்பும் வல்லாரைச் சம்பலும் தாராளமாக. பின்னேரம் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை மேட்டில் ஒரு நடை (மான் வழிமறித்தால் நின்று பார்க்கலாம், அவசரமில்லை).

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சீனி ஆபத்தாக இறங்கிவிடும். கட்டுரையில் அதையாவது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.