பாதி வசனத்த வச்சு வருஷம் பொறக்குமா?

டிசம்பர் வந்தாச்சு, சபை வாட்சப் குரூப்ல கேரல் ரவுண்ட்ஸ் லிஸ்ட்டும் வந்தாச்சு, என்னைக்கு எந்தத் தெரு, யார் வீட்டுல டீ, யார் வீட்டுல கேக்குன்னு. அதெல்லாம் நல்லா இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். நான் சொல்ல வந்தது 31ந்தேதி ராத்திரி ஆராதனையப் பத்தி.

வருஷம் பூரா கோயில் பக்கம் வராதவங்க கூட அன்னைக்கு வந்துருவாங்க. "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின"ன்னு பிரசங்கம் நடக்கும், 12 மணிக்கு மணி அடிக்கும், ஹேப்பி நியூ இயர், கைகுலுக்கல், அப்புறம் நேரா தட்டுல இருக்கிற வாக்குத்தத்த கார்டுக்கு, அதாவது புது வருஷத்துக்குக் கடவுள் தர்ற வாக்குன்னு ஆளுக்கு ஒரு பைபிள் வசனம் அடிச்ச அட்டைக்கு, லைன்ல நிப்போம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்"னு வந்துட்டா மூஞ்சில ஒரு வெளிச்சம் பாக்கணுமே! ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுறவங்களும் உண்டு.

உபாகமம் 28ம் அதிகாரம் 13ம் வசனம் அது. பைபிள எடுத்து முழுசா படிச்சா, கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தாத்தான்னு ஒரு கண்டிஷன் கூடவே இருக்கும், கார்டுல அத மட்டும் காணோம். அந்த அதிகாரத்துல ஆசீர்வாதம் 14 வசனத்தோட முடிஞ்சிருது, மீதி 54 வசனமும் கீழ்ப்படியலன்னா வர்ற சாபம், அதுல ஒன்ன யாராவது கார்டுல அடிச்சிருக்காங்களா?

சீட்டு மாதிரி வசனம் எடுக்கிறதே தப்புன்னு சொல்லல. ஜெர்மனில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல மொரேவியர்கள்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க 1728லயே நாளுக்கு ஒரு வசனம்னு ஆரம்பிச்சிட்டாங்க, 1731ல இருந்து அது புத்தகமாவே வருது. ஆனா அவங்களுக்கு அது அன்னைக்குப் பூரா எப்படி நடக்கணும்ங்கிறதுக்கான வார்த்தை, இந்த வருஷம் எனக்கு என்ன கிடைக்கும்னு பாக்குற ராசிபலன் இல்ல.

அவங்ககிட்ட நிறைய கத்துக்கிட்ட, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட்ல லண்டன்ல உடன்படிக்கை ஆராதனைன்னு, கடவுள்கிட்ட தன்னையே ஒப்புக்குடுக்கிற ஆராதனை ஒன்னு நடத்துனாரு, பிற்பாடு மெதடிஸ்ட்காரங்க அத வருஷப் பிறப்போட சேத்துக்கிட்டாங்க. அந்த மரபுல வந்த ஜெபத்தப் படிச்சா பயமா இருக்கும்: நான் இனி எனக்குச் சொந்தமில்ல, என்னை வேலைக்கு எடுத்தாலும் சரி ஓரமா உக்கார வச்சாலும் சரி, நிறைச்சாலும் சரி வெறுமையாக்குனாலும் சரின்னு போகும். "ஓரமா உக்கார வச்சாலும் சரி"ன்னு நம்ம கமிட்டி எலெக்‌ஷன்ல நிக்கிற யாராவது மனசார சொல்வாங்களா? (நம்ம சிஎஸ்ஐ-ல, அதான் தென்னிந்தியத் திருச்சபைல, மெதடிஸ்ட்காரங்களும் 1947ல சேந்தவங்கதான், அதனால இது நமக்கு வெளியாட்கள் சமாச்சாரமும் இல்ல, ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை வைக்கிற சபைகளும் இருக்கு, ஆனா 31 ராத்திரி வந்த கூட்டத்துல எத்தனை பேரு அதுக்கு வர்றாங்க?)

கடவுள்கிட்ட கேக்கவே கூடாதான்னு சண்டைக்கு வராதீங்க. 1862 டிசம்பர் 31 ராத்திரி அமெரிக்காவுல கறுப்பின மக்கள் சர்ச்சுகள்ல கூடி விடியுறதுக்குக் காத்திருந்தாங்க, மறுநாள் அடிமைத்தனத்துல இருந்து விடுவிக்கிற ஜனாதிபதி லிங்கனோட விடுதலைப் பிரகடனம் வரணும்னு. அவங்க கேட்டது அவங்க ஜனத்துக்கே விடுதலை. நாம கேக்குறது வீட்டுக்கு ரெண்டாவது மாடி.

நிக்கொதேமுங்கிற யூதத் தலைவர்கிட்ட இயேசு மறுபடியும் பிறக்கணும்னு சொன்னது நமக்கு மனப்பாடம், ஆனா அது திங்கக்கிழமை எப்படி இருக்கும்னு கேட்டா முழிப்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு அட்வென்ட் ஞாயிறுகள்ல வாசிக்கிற யோவான் ஸ்நானகன் பகுதிலயே பதில் இருக்கு, லூக்கா 3ம் அதிகாரம். நாங்க என்ன செய்யணும்னு ஜனங்க யோவான்கிட்ட கேக்குறாங்க, ரெண்டு சட்டை வச்சிருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்னு குடுங்கிறாரு, வரி வசூலிக்கிறவன்கிட்ட விதிச்சதுக்கு மேல வாங்காதங்கிறாரு. அவ்வளவு நேரடி. நமக்கோ அந்த நாலு வாரமும் ஸ்டார் கட்டவும் ட்ரெஸ் எடுக்கவும் ஓடிருது.

கார்ட நிறுத்துங்கன்னு சொல்லல ஐயா, வயசான அம்மாக்களுக்கு அது எவ்வளவு ஆறுதல்னு தெரியும். இந்தத் தடவை அந்த 13ம் வசனத்த முழுசா அடிச்சுக் குடுங்க. கார்டு கொஞ்சம் பெருசாப் போகும், பரவால்ல, பிரின்டிங் செலவுல நானும் பங்கு போட்டுக்கிறேன்.