பினாங்குல எந்தத் தோட்டம்?

பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இரண்டு நாளாகக் கடையில் டயர் கழற்றும்போதும் இதே நினைப்பு. எழுதித் தீர்த்துவிட்டால் தேவலை.

மேல்முறையீடும் போச்சு. 2025 நவம்பர் 3-ஆம் தேதி உலகக் காற்பந்து அமைப்பான பீஃபா கையை விரித்துவிட்டது. வெளிநாட்டில் பிறந்து மலேசிய அணிக்கு ஆட வந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கும் 12 மாதத் தடை, ஆளுக்கு 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம், நம் மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 பிராங்க். செப்டம்பரில் சொன்னது எதுவும் மாறவில்லை. ஏழு பேரின் தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்ததாகக் கொடுத்த பத்திரங்கள் பொய் என்பதுதான் வழக்கு.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 10 ராத்திரி நான் என்ன செய்தேன் என்பது எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். மலேசியா வியட்நாமை ஜெயித்து 11 வருடம் ஆகியிருந்தது, கடைசியாக அடித்தது 2014-ல். அப்படிப்பட்டவனை 4-0! முதல் கோல் பிகேரேடோ, இரண்டாவது ஹோல்காடோ, இரண்டு பேரும் அந்த ஏழு பேரில் உள்ளவர்கள். பக்கத்து மேசை மலாய்க்கார அங்கிளும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், அவருடைய தே தாரிக் டீ என் சட்டையில். இந்த ஆட்டக்காரர்கள் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள் என்று என் மச்சான் கேட்டபோது, "சும்மா இருடா, ஆட்டத்தைப் பார்" என்று வாயை அடைத்தவனும் நான்தான். மறுநாளே பீஃபாவுக்குப் புகார் போய்விட்டது. எங்களுக்கு அது எங்கே தெரியும்? ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தோம்.

வெளியூர் ஆட்டக்காரன் வந்தால் எனக்கு எரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ராத்திரி கடைசி இரண்டு கோல் அடித்தவர்களில் கோர்பின் ஓங் லண்டனில் பிறந்தவர், ஆனால் அப்பா மலேசியர். டியோன் கூல்ஸ் வளர்ந்தது பெல்ஜியத்தில் என்றாலும் பிறந்தது கூச்சிங்கில். இவர்களை யார் குறை சொன்னது? ரத்தம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வந்து ஆடுகிறார்கள். சந்தோஷம்.

என்னைக் குடைவது வேறு.

செப்டம்பர் கடைசியில் பாட்டியோடு உட்கார்ந்து தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டக்காரரின் தாத்தா பினாங்கில் பிறந்தவர் என்று பத்திரம் கொடுத்திருந்தார்களே, அந்த விஷயம் ஓடியது. பாட்டிக்குக் காது மந்தம், பாதிதான் விழுந்திருக்கும். என் பக்கம் திரும்பி, "பினாங்குல எந்தத் தோட்டமாம்?" என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பாட்டிக்குக் கோபம். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ஒருவன் இந்த நாட்டில் பிறந்தான் என்றால் ஒரு தோட்டம் இருக்க வேண்டும், தொழிலாளர் வரிசை வீடு, அதாவது ஒரு லயம் இருக்க வேண்டும், மருத்துவச்சி பெயரைச் சொல்ல யாராவது ஒரு கிழவி இருக்க வேண்டும். அந்த ஆட்டக்காரரின் தாத்தா உண்மையில் பிறந்தது அர்ஜென்டினாவில் என்று சொன்னேன். "அது எந்தப் பக்கம்?" என்றார். கப்பலில் போனாலும் பல வாரம் ஆகும் என்றேன். "அப்ப அவங்க அப்பன் ரப்பர் பால் வெட்டத்தான் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

இப்போது பாட்டியின் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடி துருப்பிடித்து, திறக்கத் தேக்கரண்டி வேண்டும். உள்ளே தாத்தாவின் சம்பளச் சீட்டுகள், தோட்டத்தை விற்றபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கொடுத்த கடிதம், நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு போட்டோ. எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் வளையம் போட்டு, அவருடைய சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. 84 வயது. பிறந்தது இங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், 1941-ல். அடுத்த வருடமே சப்பான்காரன் ஆட்சி. அவர் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவே இல்லை. பெற்ற பிள்ளைக்கு யார் போய்ப் பத்திரம் எடுப்பது?

என் அப்பா 1960-ல் பிறந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பிறந்ததால் அவருக்குக் குடிமகனின் நீல ஐசி, எங்களுக்கும் நீலம். பாட்டி மட்டும் இன்றுவரை சிவப்பு. இத்தனை தேர்தல் வந்து போயும் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. நீல ஐசிக்கு நாங்கள் ஏறி இறங்கிய கவுண்டர்களை எண்ணினால் ஒரு லீக் அட்டவணையே போடலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: பிறப்புப் பத்திரம் எங்கே? மலாய் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். பாட்டி பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில் ஆரம்பித்தால் எதிரே இருக்கிற ஆள் தூங்கிவிடுவார், அவ்வளவு பேசுவார். பத்திரம் மட்டும் இல்லை.

சட்டப்படி குடியுரிமை கேட்கும் வெளிநாட்டவர் 12 வருடத்தில் 10 வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஏழு பேருக்கு அந்தக் கணக்கைத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தளர்த்தியதாக உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். சரி, அமைச்சருக்கு அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். மூலப் பத்திரத்தைப் பார்க்காமலே இங்கே நகல் கொடுக்கப்பட்டதாக பீஃபாவின் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் நகல் கொடுக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டோம். பாட்டியின் மூலப் பத்திரத்தையும் யாரும் பார்த்ததில்லைதான். சங்கம் இதற்கு வைத்த பெயர் "தொழில்நுட்பத் தவறு". மலாக்காவில் பிறந்ததாகச் சொன்ன இன்னொரு தாத்தா நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தில் பிறந்தவராம். மலாக்காவை டச்சுக்காரன் ஆண்டான் என்று பள்ளியில் படித்தோம், அந்தக் கணக்கில் எழுதிவிட்டார்களோ என்னவோ.

பாட்டியை விடுங்கள். அவர் இனி எந்த அணிக்கும் ஆடப் போவதில்லை.

நான் பயிற்சி கொடுக்கும் திடலுக்கு ஒரு பையன் வருகிறான். பெயர் வேண்டாம். 14 வயது, இடது கால். பந்தை வாங்கும்போதே உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு வாங்குவான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே அது வராது. போன வருடம் ஒரு வயதுப் பிரிவுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனோம். அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியவில்லை, அம்மாவின் காகிதத்திலும் சிக்கல். பையனின் பத்திரத்தில் மலாயில் "குடிமகன் அல்ல" என்று இருக்கிறது. மேசையில் இருந்தவர் நல்ல மனுஷன்தான், பத்திரத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை பார்க்கலாம், அண்ணே" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பூட்ஸின் லேஸைக் கழற்றிக்கொண்டே வந்தான், பாதி வழியிலேயே.

காகிதம் சரியாகிவிட்டால் மட்டும் எங்கே போவான் என்பது அடுத்த கதை. ஈப்போ இங்கிருந்து அரை மணி நேரம்தான். என் காலத்தில் பந்து நன்றாக ஆடும் பையனுக்குக் கண் முன்னால் ஓர் இடம் இருந்தது: எங்கள் மாநில அணியான பேராக்கின் மஞ்சள் ஜெர்சி. 2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பலகாரச் சாமான் வாங்க வைத்திருந்த காசில் ஷா ஆலமுக்குப் பஸ் ஏறினேன். திரங்கானுவோடு 3-3, பெனால்டியில் 4-1. விடிகாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறக்கவே இல்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் முறுக்கு மட்டும்தான்.

2025-26 சீசனில் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் பேராக் இல்லை. பணம் இல்லாமல் விலகிவிட்டது. ஸ்ரீ பகாங்கும் விலகியது, கெடாவுக்கு லைசன்ஸ் கிடைக்கவில்லை. ஜொகூர்க்காரர்கள் 2014-லிருந்து வருடம் தவறாமல் லீக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கட்டும், ஒழுங்காக நடத்துகிறார்கள். ஆனால் தன் ஊர் அணியே இல்லாத லீக்கை மாமாக் கடையில் உட்கார்ந்து பார்ப்பது, அடுத்த வீட்டுக் கல்யாண வீடியோ பார்ப்பது மாதிரி இருக்கிறது.

பி.ஜே. சிட்டி என்ற அணியும் ஞாபகம் வருகிறது. மீஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) என்று நம் ஆட்கள் ஆரம்பித்து, கீழ்மட்ட லீக்கிலிருந்து சூப்பர் லீக் வரை ஏறிய அணி. கடைசியில் பயிற்சியாளர் பி. மணியம் ஓர் இறக்குமதி ஆட்டக்காரர்கூட இல்லாமல் முழுக்க உள்ளூர்ப் பையன்களை வைத்து ஆடினார். அட்டவணையில் மேலே வரவில்லைதான், ஆனால் வர்ணனையாளர் வாயில் வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள் வரும், அதைக் கேட்கவே அப்பா டிவி முன்னால் உட்காருவார். 2022 சீசனோடு அதுவும் மூடியாச்சு. அப்பாவுக்கு இன்றும் கோல்கீப்பர் என்றால் ஆர். ஆறுமுகம் ஒருவர்தான். "ஸ்பைடர்மேன் கை" என்று தன் கையை நீட்டிக் காட்டுவார். 2010-ல் பயிற்சியாளர் கே. ராஜகோபால் மலேசியாவுக்குத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தபோது அப்பா அழுதார். இப்போது தேசிய அணி ஆட்டம் என்றால் எழுந்து போய்ப் படுத்துக்கொள்கிறார்.

ஏழு பேரைத் தேடிப் பிடிக்கவும் பத்திரம் தயாரிக்கவும் வழக்கு நடத்தவும் எவ்வளவு ஓடியிருப்பார்கள், எத்தனை பேர் எத்தனை நாள் ராத்திரி கண் விழித்திருப்பார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தப் பக்கம் வந்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்திருக்கலாம். என் வயிற்றெரிச்சல் அவ்வளவுதான். அந்த ஏழு ஆட்டக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார்கள், நன்றாகவே ஆடினார்கள். பத்திரத்தில் ஊர் பெயரை எழுதிய கை யாருடையது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் மனு கொடுக்கப் போகிறோம். இந்த மாதிரி மனு கொடுத்துப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் திடலில் பயிற்சி உண்டு. வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பந்து இருந்தால் எடுத்து வாருங்கள். எங்களிடம் இருப்பது இரண்டு, அதில் ஒன்றுக்குக் காற்று நிற்பதில்லை.