சம்பளப் பாக்கியை நகல்ல படிக்காதீங்க

கட்டுரைக்கு நன்றிங்க. ரிப்போர்ட்டை எல்லாம் ரீட் ரெப்ளிகாவுக்கு, அதாவது படிக்க மட்டும் வச்சிருக்கிற டேட்டாபேஸ் நகலுக்குத் திருப்பிவிட்டா மெயின் டேட்டாபேஸ்ல சுமை குறையும்னு சொன்னது ரொம்பச் சரி. ஆனா மெயின்ல ஏறுறது அந்த நகலுக்கு வந்து சேர நேரமாகும், அது பின்தங்கும்ங்கறதை ஒரே வரியில கடந்துட்டீங்க. எங்களுக்கு அடி விழுந்ததே அங்கதான்.

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக் கணக்கு சாஃப்ட்வேர் பண்றோம். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். பீஸ்ரேட் (தைச்ச பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி) ரிப்போர்ட் ஓடுனா பதிவு போடுற திரை அப்படியே நின்னுரும். அதனால அமேசானோட டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ல எங்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு நகல் ஒண்ணு போட்டோம். (தானியங்கி பேக்கப் ஆன்ல இல்லைன்னா நகல் உருவாக்கவே விடாது, முதல்ல அதைப் பாருங்க.) வேகம் வந்துருச்சு.

அடுத்த வாரமே ஒரு டெய்லர் அக்காவுக்கு அட்வான்ஸ் கழிக்காம முழுச் சம்பளம் போயிருச்சு. அட்வான்ஸ் மெயின்ல ஏறியிருக்கு. பாக்கியை நாங்க நகல்ல படிச்சோம், அங்க இன்னும் வந்து சேரலை. மெயின்ல எழுதி முடிச்ச பிறகுதான் நகலுக்குப் போகும், நகல்ல ஏறுற வரைக்கும் மெயின் காத்திருக்காது. அந்தக் காசைத் திருப்பிக் கேட்டது இன்னிக்கும் மனசை உறுத்துது.

இப்ப காசைத் தொடுற எதையும் மெயின்லயேதான் படிக்கிறோம். மாதக் கணக்கு, பழைய வாரக் கணக்கு மட்டும் நகல்ல. ரெப்ளிகா லேக் (நகல் பின்தங்குற நேரம்) 30 விநாடி தாண்டுனா, அமேசானோட கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் அலாரம் அடிக்கும்.

இன்னொண்ணு, நகலை பேக்கப்னு நினைச்சுராதீங்க. மெயின்ல தப்பா அழிச்சது அங்கயும் அழிஞ்சுரும்ங்க.